செம்புக்கும் வெளிக்கூட்டில் ஒரே எலக்ட்ரான்தானே, பிறகு ஏன் அது சோடியத்தோடு சேரவில்லை?

06-07-2025, மாலை 6.10. பெங்களூரு கே.ஆர். புரத்திலிருந்து ஒரு பி.யூ.சி. (பிளஸ் டூ) மாணவி கேட்டது:

ஐயா, தனிம வரிசை அட்டவணையில் தொகுதி எண்ணின் கடைசி இலக்கம்தான் இணைதிறன் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை என்று டியூஷனில் சொல்லிக் கொடுத்தார்கள். சோடியம் 1ஆம் தொகுதி, ஒரு எலக்ட்ரான். குளோரின் 17, ஏழு எலக்ட்ரான். செம்பு 11ஆம் தொகுதி, வெளிக்கூட்டில் ஒன்றுதான் இருக்கிறது, கடைசி இலக்கமும் ஒன்று. அப்படியானால் செம்பும் சோடியம் போலத் தண்ணீரில் போட்டதும் பற்றிக்கொள்ள வேண்டாமா? எங்கள் வீட்டுக் குடமே செம்புதான். செம்புக்கு இணைதிறன் எலக்ட்ரான் ஒன்றா, பதினொன்றா?

06-07-2025, இரவு 9.20

அந்தக் கடைசி இலக்கக் கணக்கு 1, 2ஆம் தொகுதிகளுக்கும் 13 முதல் 18 வரைக்கும் மட்டும் செல்லும். அந்த வட்டாரத்திலும் ஹீலியம் ஒத்துழைக்காது. நடுவில் உள்ள பத்துத் தொகுதிகளில் அது செல்லாது. 11இல் ஒன்று என்று முடிவது தற்செயலாகப் பொருந்துவது. 17க்கு ஏழு சரி என்றால் 7ஆம் தொகுதியின் மாங்கனீசுக்கும் ஏழு, ஆகவே மாங்கனீசும் குளோரினும் ஒரே குணம் என்றல்லவா ஆகும்? யாரும் அப்படிச் சொல்வதில்லை. செம்பில் மட்டும் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள்.

நான் பேராசிரியன் இல்லை. பீன்யாவில் ஒரு மின்முலாம் பட்டறையில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவன். உன் கேள்விக்கு எங்கள் தங்கத் தொட்டியிலேயே பதில் கிடக்கிறது. அதற்கு நாங்கள் வாங்கும் சரக்கு பொட்டாசியம் தங்க சயனைடு. வெள்ளைப் பொடி. எடையில் 68 சதவீதம் தங்கம், ஆனால் மருந்துக்குக்கூட மஞ்சள் நிறம் இருக்காது. அந்தப் பொடியில் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. பொட்டாசியத்தின் வெளிக்கூட்டில் ஒரு எலக்ட்ரான், தங்கத்தின் வெளிக்கூட்டிலும் ஒரு எலக்ட்ரான். உப்பில் இரண்டுமே அந்த ஒன்றை இழந்து நிற்கின்றன. மின்சாரத்தைச் செலுத்தினால் தங்கம் எலக்ட்ரானைத் திரும்ப வாங்கிக்கொண்டு பொருளின்மேல் படிகிறது. பொட்டாசியம் தொட்டியிலேயே கிடக்கிறது. எத்தனை நாள் ஓட்டினாலும் அது படியாது.

வெளியே ஒன்று, இங்கேயும் ஒன்று. நடத்தை நேரெதிர். ஆகவே ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு நிறுத்தினால் போதாது.

06-07-2025, இரவு 10.05

சோடியத்தை விடப் பொட்டாசியத்தோடு செம்பை ஒப்பிடுவதுதான் நியாயம், இரண்டும் ஒரே தொடர். அணு எண் பொட்டாசியத்துக்கு 19, செம்புக்கு 29. இரண்டுக்கும் வெளியே 4எஸ் என்ற உட்கூட்டில் ஒரு எலக்ட்ரான்.

அந்த முதல் எலக்ட்ரானைப் பிடுங்கப் பொட்டாசியத்துக்கு மோலுக்கு 419 கிலோஜூல். செம்புக்கு 745. இரண்டாவதைப் பிடுங்கப் பொட்டாசியத்துக்கு 3052. செம்புக்கு 1958.

இந்த நான்கு எண்களைப் பார். பொட்டாசியம் முதல் எலக்ட்ரானை மலிவாகக் கொடுக்கிறது, இரண்டாவதைத் தொட்டால் விலை ஏழு மடங்கு. செம்பு முதலாவதற்கே கறாராகப் பேரம் பேசுகிறது, ஆனால் இரண்டாவதையும் கொடுத்துத் தொலைக்கிறது. அதனால்தான் பொட்டாசியத்தில் எப்போதும் கூட்டல் ஒன்று மட்டுமே. செம்பில் கூட்டல் ஒன்றும் உண்டு, கூட்டல் இரண்டும் உண்டு. மயில்துத்தத்தின் நீலம் இரண்டை இழந்த செம்பின் நிறம்.

காரணம் அடியில் உள்ள கூடு. பொட்டாசியத்தின் அந்த ஒற்றை எலக்ட்ரானுக்குக் கீழே ஆர்கானின் அமைப்பு, எட்டு எலக்ட்ரான் கொண்ட மூடிய கூடு. செம்பின் ஒற்றை எலக்ட்ரானுக்குக் கீழே பதினெட்டு, அதில் பத்து 3டி-இல். பொட்டாசியத்திலிருந்து செம்புக்கு வரும்போது அணுக்கருவில் பத்துப் புரோட்டான்கள் கூடுகின்றன. அவற்றை மறைக்கப் பத்து டி எலக்ட்ரான்கள் வருகின்றன, ஆனால் ஜன்னலில் கட்டிய கொசுவலை வெயிலை மறைக்கும் அளவுக்குத்தான் அவற்றின் மறைப்பு. இழுப்பு கசிந்து வெளியே வருகிறது. வெளி எலக்ட்ரான் உள்ளே இழுக்கப்படுகிறது, அணு சுருங்குகிறது. பொட்டாசியத்தின் அடர்த்தி 0.86, தண்ணீரில் மிதக்கும். செம்பு 8.96. உங்கள் வீட்டுக் குடம் பற்றிக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

07-07-2025, காலை 7.30

ஒருவர் கேட்கிறார்: பொட்டாசியத்தை முலாம் பூசவே முடியாதா?

தண்ணீரில் முடியாது. பொட்டாசியம் படிவதற்கு வெகு முன்பே தண்ணீர் உடைந்து ஹைட்ரஜனாகக் கொப்பளிக்கும். பொட்டாசியத்தின் மின்னழுத்தம் மைனஸ் 2.93 வோல்ட், செம்பு பிளஸ் 0.34. தண்ணீர் இல்லாமல் உருகிய பொட்டாஷில் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) செய்தால் முடியும். ஹம்ப்ரி டேவி 1807இல் அப்படித்தான் பொட்டாசியத்தைப் பிரித்தார், சில நாளில் சோடியத்தையும். அதை எங்கள் பட்டறையில் செய்து காட்டச் சொல்லாதீர்கள், காப்பீட்டுக்காரர் ஓடிவிடுவார்.

07-07-2025, இரவு 9.45

இன்றைக்குத் தொட்டிக்கு நேர்மின்னோட்டம் தரும் ரெக்டிஃபயர் முன்னால் நின்றிருந்தபோது தோன்றியது. எங்கள் தொழிலில் எலக்ட்ரானை எண்ணுவதற்கு ஒரு கருவியே இருக்கிறது. ஆம்பியர்-மணி மீட்டர். ஒரு மோல் எலக்ட்ரான் என்பது 26.8 ஆம்பியர்-மணி. எத்தனை ஆம்பியர்-மணி ஓடியது, எத்தனை கிராம் படிந்தது என்று பார்த்தால், ஒவ்வொரு அணுவும் எத்தனை எலக்ட்ரானை வாங்கியது என்று தெரிந்துவிடும். படமும் வட்டமும் வேண்டாம், தராசு போதும்.

ஒரு ஆம்பியர்-மணிக்குச் சயனைடு தொட்டியில் தங்கம் 7.35 கிராம். வெள்ளி 4.02 கிராம். இரண்டும் அணுவுக்கு ஒரு எலக்ட்ரான். தங்கத்தின் அணு கனம் என்பதால் கிராம் அதிகம், வேறொன்றும் இல்லை.

இப்போது செம்பு. எங்களிடம் இரண்டு செம்புத் தொட்டிகள். ஒன்று அமிலத் தொட்டி, செம்பு சல்பேட்டும் கந்தக அமிலமும், கண்ணைப் பறிக்கும் நீலம். அதில் ஆம்பியர்-மணிக்கு 1.186 கிராம். இன்னொன்று சயனைடு தொட்டி, நீலத்தின் சுவடே இருக்காது. அதில் 2.37 கிராம். சரியாக இரண்டு மடங்கு. இங்கே அணு ஒரு எலக்ட்ரானை வாங்குகிறது, அங்கே இரண்டு. செம்பு ஒன்றுதான், தொட்டிதான் வேறு. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு இதைக் காட்டினால் மீட்டர் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் சொல்வார்கள்.

ஆக, உன் கேள்விக்கு நேரான பதில்: செம்பு வேலையில் பயன்படுத்துவது ஒன்று அல்லது இரண்டு. கணக்கில் வைத்திருப்பது பதினொன்று. 3டி-இல் பத்து, 4எஸ்-இல் ஒன்று. தொகுதி எண் 11 என்பது அந்தக் கூட்டுத்தொகை.

துத்தநாகம் அடுத்த வீடு, 12ஆம் தொகுதி. அதில் மீட்டர் எந்தத் தொட்டியிலும் ஒரே பதில்தான் சொல்லும், 1.22 கிராம், அணுவுக்கு இரண்டு. 4எஸ்-இல் உள்ள இரண்டைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறது. முதல் இரண்டுக்கு 906, 1733 கிலோஜூல், மூன்றாவதற்கு 3833. டி எலக்ட்ரான் பத்தும் உள்ளே பத்திரம். அதனால் பல புத்தகங்கள் துத்தநாகத்துக்கு இணைதிறன் எலக்ட்ரான் இரண்டு என்றே எழுதுகின்றன. கடைசி இலக்கக் கணக்கும் இங்கே தற்செயலாகப் பொருந்திவிடும். டியூஷன்காரர்களுக்குத் தைரியம் வருவது இப்படித்தான்.

08-07-2025, மதியம் 1.15

சாப்பாட்டு நேரத்தில் ஒரு வரி. எங்கள் தங்கத் தொட்டி மிதமான அமிலத்தில் ஓடுவது. அமிலமும் சயனைடும் சேர்ந்தால் விஷவாயு வராதா என்று ஒருவர் பதறியிருக்கிறார். சாதாரண சோடியம் சயனைடில் அமிலம் பட்டால் உயிர் போகும், சந்தேகமே இல்லை. அதனால்தான் அந்தத் தொட்டிகளும் அமிலத் தொட்டிகளும் எதிரெதிர் மூலையில், கழிவுநீர் வடிகாலும் தனித்தனி. தங்கம் மட்டும் தன் இரண்டு சயனைடையும் இறுகப் பிடித்துக்கொள்கிறது, மிதமான அமிலத்திலும் விடுவதில்லை. அதனால்தான் அந்த ஒரு தொட்டியில் மட்டும் இது சாத்தியம். பொட்டாசியத்துக்கு அந்தப் பிடி கிடையாது, அது தண்ணீரில் தனியாக அலைகிறது. ஒரே உப்பில் இருக்கும் இரண்டு ஒற்றை எலக்ட்ரான்காரர்களின் இன்னொரு வித்தியாசம் இது.

08-07-2025, இரவு 10.20

மல்லேஸ்வரத்திலிருந்து எழுதும் கல்லூரி ஆசிரியை ஒருவர் நல்ல ஆட்சேபம் ஒன்றை எழுப்பியிருக்கிறார். "தொகுதி என்பதே இணைதிறன் எலக்ட்ரானை வைத்துத்தான் பிரிக்கப்பட்டது. நீங்கள் ஏதோ அது இரண்டாம் பட்சம் என்பது போல எழுதுகிறீர்கள்."

அம்மா, வரலாறு அப்படி இல்லை. மெண்டலீவ் அட்டவணை போட்டது 1869இல். தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தது 1897இல். இடையில் 28 ஆண்டுகள். எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல்தான் குடும்பங்களைப் பிரித்தார்கள். எதை வைத்து? ஒவ்வொரு தனிமமும் ஆக்சிஜனோடு எந்த விகிதத்தில் சேர்கிறது என்பதை வைத்து. 1871ஆம் ஆண்டு அட்டவணையில் ஒவ்வொரு தொகுதியின் தலைப்பிலும் ஆக்சைடின் வாய்பாட்டையே எழுதினார். முதல் தொகுதியில் இரண்டு அணுவுக்கு ஒரு ஆக்சிஜன், இரண்டாவதில் ஒன்றுக்கு ஒன்று, இப்படியே ஏறி எட்டாவதில் ஒரு அணுவுக்கு நான்கு ஆக்சிஜன். அந்த ஏணியை வைத்துக் காலி இடங்களையும் சொன்னார். அலுமினியத்துக்குக் கீழே ஒன்று வரும் என்றார், 1875இல் கேலியம் வந்தது. சிலிக்கானுக்குக் கீழே ஒன்று என்றார், 1886இல் ஜெர்மானியம் வந்தது. ஏணி ஏன் எட்டுப் படியோடு நிற்கிறது என்பதற்கான காரணம் பின்னால் வந்தது, 1916இல் லூயிஸ் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை வைத்து விளக்கியபோது.

மாணவியின் கேள்விக்கு இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. மெண்டலீவுக்கே செம்பு தலைவலி கொடுத்தது. 1871 அட்டவணையில் செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றையும் முதல் தொகுதியில் சோடியத்தோடு அடைப்புக்குறிக்குள் வைத்தார், எட்டாம் தொகுதியில் இரும்பு, நிக்கல் வரிசையிலும் வைத்தார். ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் அட்டை. எலக்ட்ரானே தெரியாத மனிதர் ஆக்சைடை மட்டும் பார்த்து அந்த இடத்தில் தயங்கினார் என்றால், கே.ஆர். புரத்தில் ஒரு பெண் தயங்குவதில் என்ன குறை?

09-07-2025, இரவு 9.00

முந்தாநாள் எழுதியதை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சொல்ல வேண்டும். ஆம்பியர்-மணி மீட்டர் எண்ணுவது அந்தத் தொட்டியில் கைமாறிய எலக்ட்ரானை மட்டும். இணைதிறன் எலக்ட்ரான் எத்தனை என்பதற்கு அது குறைந்தபட்ச சாட்சி, முழுச் சாட்சி இல்லை. நிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். 10ஆம் தொகுதி, 3டி-இல் எட்டு, 4எஸ்-இல் இரண்டு. எங்கள் தொட்டியில் அது இரண்டைத் தாண்டிப் பேசியதே இல்லை.

நடுத்தொகுதிகளில் தொகுதி எண் என்பது ஓர் உச்சவரம்பு. டி, எஸ் இரண்டிலும் உள்ளதைக் கூட்டினால் வருவது. அந்த வரம்பை யார் எட்டுகிறார்கள் என்று பார்த்தால் கதை தெரிகிறது. 6ஆம் தொகுதியின் குரோமியம் ஆறையும் கொடுக்கும். எங்கள் குரோம் தொட்டி செக்கச்செவேலென்று இருப்பது அந்த ஆறை இழந்த குரோமியம். அணுவுக்கு ஆறு எலக்ட்ரான் திருப்பிக் கொடுத்தால்தான் உலோகம் கிடைக்கும், ஆம்பியர்-மணிக்கு 0.323 கிராம். அதுவும் ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் மின்சாரத்தில் பத்து முதல் இருபது சதவீதம்தான் குரோமியமாகிறது, மீதி பெரும்பாலும் ஹைட்ரஜன் குமிழிகளாகப் போகிறது. அந்தக் குமிழிகள் கிளப்பும் மூடுபனி நுரையீரலுக்கு நஞ்சு, புற்றுநோய் தரக்கூடியது. பண்டிகைக் காலத்தில் பைக் உதிரிபாகங்கள் குவியும்போது மின்கட்டண ரசீதைப் பார்த்து எங்கள் முதலாளி பெருமூச்சு விடுவதற்கும் காரணம் அந்த ஆறுதான்.

7இல் மாங்கனீசு ஏழையும் கொடுக்கும், உங்கள் ஆய்வகத்துப் பெர்மாங்கனேட். 8இல் இரும்பு எட்டைத் தொடுவதில்லை, ஆனால் அதே தொகுதியில் கீழே உள்ள ருத்தீனியமும் ஆஸ்மியமும் எட்டையும் கொடுக்கின்றன. 9இல் இரிடியம் ஒன்பதை இழந்த நிலையை 2014இல் வாயு நிலையில் ஓர் அயனியாகப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இறக்கம்தான். வலப்பக்கம் போகப் போக அணுக்கருவின் இழுப்பில் டி எலக்ட்ரான்கள் ஆழமாகச் செல்கின்றன. செம்பில் விளிம்பில் நிற்கின்றன, ஒன்றை வெளியே எடுக்கலாம். தங்கத்தில் இராஜதிராவகத்தில் போட்டால் மூன்று வரும். துத்தநாகத்தில் கை விட்டாலும் எட்டாது.

09-07-2025, இரவு 9.25

எல்லாத் தொகுதிக்கும் ஒரு சூத்திரம் கொடுங்கள் என்று கேட்டவருக்கு: கிடையாது.

10-07-2025, இரவு 11.10

சிப் வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்கிறார். "எங்கள் துறையில் இன்னும் மூன்று-ஐந்து என்றுதான் சொல்கிறோம். கேலியம் ஆர்சனைடு மூன்று-ஐந்து, காட்மியம் டெல்லுரைடு இரண்டு-ஆறு. 13, 15 என்று யாரும் சொல்வதில்லை. நாங்கள் பழசா?"

பழசுதான், ஆனால் உங்களுக்கு அது வசதி. 1 முதல் 18 வரை என்ற எண்வரிசையை உலக வேதியியல் அமைப்பான ஐயூபேக் 1988இல் பரிந்துரைத்தது. அதற்கு முன்பு ரோமன் எண்ணோடு ஏ, பி சேர்த்து எழுதினார்கள். அமெரிக்காவில் ஏ என்றது ஐரோப்பாவில் பி ஆகும் இடங்கள் இருந்தன. அந்தச் சண்டையை முடிக்கத்தான் பதினெட்டு வந்தது. சண்டை முடிந்தது, கூடவே எலக்ட்ரான் கணக்கு பலகையிலிருந்து மறைந்தது. குறைகடத்திக்காரர்களுக்குக் கணக்குதான் முக்கியம். கேலியத்தில் மூன்று, ஆர்சனிக்கில் ஐந்து, சராசரி நான்கு, ஆகவே சிலிக்கான் போலவே நடக்கும். சிலிக்கானில் ஐந்து கொண்ட பாஸ்பரஸ் ஓர் அணுவை நுழைத்தால் ஒரு எலக்ட்ரான் மிச்சம், மூன்று கொண்ட போரானை நுழைத்தால் ஒன்று குறை. இந்த ஊர் சம்பளம் வாங்குவதில் பாதி அந்த மிச்சத்தையும் குறையையும் வைத்துத்தான்.

அவரே அடுத்து ஒரு கிடுக்கிப்பிடி போட்டிருக்கிறார், அது என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. "அடியில் உள்ள கூடுதான் தொகுதியைப் பிரிக்கிறது என்கிறீர்கள். கேலியத்துக்கு அடியிலும் பத்து டி எலக்ட்ரான். அலுமினியத்துக்கு அடியில் எட்டு. பிறகு ஏன் இரண்டையும் ஒரே தொகுதியில் வைக்கிறார்கள்? செம்புக்கு ஒரு நியாயம், கேலியத்துக்கு ஒரு நியாயமா?"

12-07-2025, மாலை 5.00

கேலியத்துக்குப் பதில். அடியில் என்ன இருக்கிறது என்பதோடு அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும். செம்பில் 3டி-யும் 4எஸ்-உம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் உள்ளன, ஒன்றைக் கேட்டால் மற்றதும் பதில் சொல்லும். துத்தநாகத்தைத் தாண்டிக் கேலியத்துக்கு வரும்போது 3டி நன்றாகக் கீழே அமிழ்ந்துவிடுகிறது. அலுமினியத்தில் முதல் மூன்று எலக்ட்ரானுக்கு 578, 1817, 2745, நான்காவதற்கு 11577. கேலியத்தில் முதலாவதற்கு 579, மூன்றாவதற்கு மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு, நான்காவதற்கு ஆறாயிரத்தைத் தாண்டிவிடும். அலுமினியத்தின் மதில் உயரம் அதிகம், ஆனால் இரண்டிலும் மதில் ஒரே இடத்தில், மூன்றாவதற்குப் பிறகு. ஆகவே ஒரே தொகுதி. பொட்டாசியத்தில் மதில் ஒன்றுக்குப் பிறகு. செம்பில் அந்த இடத்தில் மதிலே இல்லை, ஒரு படிக்கட்டுதான். ஆகவே வேறு தொகுதி.

அந்த 578, 579 என்ற ஒற்றுமையையும் கவனியுங்கள். தொகுதியில் கீழே இறங்க இறங்கக் குறைய வேண்டிய எண் குறையவில்லை. பத்து டி எலக்ட்ரான்களின் மோசமான மறைப்பு இங்கும் வேலை செய்திருக்கிறது. அது குடும்பத்தைப் பிரிக்கவில்லை, குணத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது.

13-07-2025, ஞாயிறு, காலை 10.30

தொகுதிக்குள்ளேயே ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாத இடம் 14. கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம். எல்லாவற்றுக்கும் வெளியே நான்கு. ஒன்று அலோகம், நடுவில் குறைகடத்திகள், கீழே உலோகங்கள். வெள்ளீயத்துக்கு எங்களிடம் இரண்டு தொட்டிகள் உண்டு. அமிலத் தொட்டியில் ஆம்பியர்-மணிக்கு 2.21 கிராம், அணுவுக்கு இரண்டு எலக்ட்ரான். காரத் தொட்டியில், ஸ்டானேட் தொட்டி என்போம், 1.107 கிராம், அணுவுக்கு நான்கு. 5பி-இல் உள்ள இரண்டு எளிதாகப் போகும், 5எஸ்-இல் உள்ள இரண்டு மனம் வைத்தால் போகும்.

அந்த ஸ்டானேட் தொட்டிதான் பட்டறையிலேயே என் பொறுமையை அதிகம் சோதிப்பது. நேர்மின்வாயாகத் தொங்கும் வெள்ளீயக் கட்டியின்மேல் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு மெல்லிய படலம் இருக்க வேண்டும். படலம் இருந்தால் வெள்ளீயம் நான்கு எலக்ட்ரானை இழந்து கரையும், எல்லாம் நலம். மின்னோட்டம் தவறிப் படலம் போய்விட்டால் கட்டி வெளுத்துவிடும், இரண்டை மட்டும் இழந்து கரையத் தொடங்கும். அந்தச் சரக்கு தொட்டியில் கொஞ்சம் சேர்ந்தாலே போதும், மேலே படிவது பஞ்சு போலச் சொரசொரப்பாகக் கருத்துப்போகும். அப்போது ஹைட்ரஜன் பெராக்சைடை அளந்து ஊற்றி, அந்த இரண்டை நான்காக்க வேண்டும். காலையில் வந்ததும் நான் முதலில் பார்ப்பது கட்டியின் நிறத்தைத்தான். அந்த எஸ் இணையின் தயக்கத்தைப் பற்றி மந்த இணை விளைவு என்று பாடத்தில் இரண்டு வரி இருக்கும், மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோவார்கள். அதை நம்பிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

காரீயத்துக்கு வந்தால் அந்த எஸ் இணை இன்னும் சோம்பேறி. காரீயம் இரண்டை இழந்த நிலையில்தான் நிம்மதியாக இருக்கும். நான்கை இழந்த காரீயத்தின் டை ஆக்சைடு, இழந்த இரண்டை எப்படியாவது திரும்ப வாங்கத் துடிக்கும். உங்கள் ஸ்கூட்டர், கார் பேட்டரியின் ஒரு தகடு அந்தத் துடிப்புதான். கனமான அணுக்கருவைச் சுற்றும் எஸ் எலக்ட்ரான்களின் வேகத்தால் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவு அங்கே உள்ளே நுழைந்து 6எஸ்-ஐச் சுருக்குகிறது. ஸ்வீடன், பின்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் கணக்கிட்டுச் சொன்னது: பேட்டரியின் ஓர் அறை தரும் சுமார் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியலின் பங்கு. சில்க் போர்டு நெரிசலில் வண்டி அணைந்து மறுபடி கிளம்பினால் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

13-07-2025, மாலை 4.40

சற்றே விலகிப் போகிறேன். தங்கம் என்று பேச்சு வந்ததும் கோலார் தங்கவயல்காரர்கள் இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். நானும் அந்த ஊர்தான். வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பம். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது, சயனைடு மேடுகள் இன்னும் நிற்கின்றன, காற்றடித்தால் வெள்ளைத் தூசி வீட்டுக்குள் வரும்.

அந்த மேடுகளில் கிடப்பது இதே பாடம்தான். அரைத்த பாறைமேல் சயனைடு நீரைக் காற்றோடு சேர்த்து விட்டால் தங்கம் ஒரு எலக்ட்ரானை இழந்து கரைகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1887இல் காப்புரிமை பெற்ற முறை. பிறகு அந்த நீரில் துத்தநாகத்தைப் போடுவார்கள். ஒரு துத்தநாக அணு இரண்டு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுக் கரைந்துபோகும், அதற்கு ஈடாக இரண்டு தங்க அணுக்கள் வெளியே விழும். 12ஆம் தொகுதி 11ஆம் தொகுதிக்குக் கடன் அடைக்கிறது. என் தாத்தாவுக்குத் தொகுதியும் தெரியாது, எலக்ட்ரானும் தெரியாது. துத்தநாகத் தூள் எவ்வளவு போட்டால் எவ்வளவு மஞ்சள் வரும் என்று மட்டும் துல்லியமாகத் தெரியும் என்பார் அப்பா.

14-07-2025, இரவு 9.10

ஹீலியத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. வெளிக்கூட்டில் இரண்டு, ஆனால் 18ஆம் தொகுதி. எலக்ட்ரானை மட்டும் எண்ணினால் மெக்னீசியம் வரிசையில் பெரிலியத்தின் தலைமேல் உட்கார வேண்டும். அப்படி வைத்தே அட்டவணை போட்டவர்களும் உண்டு. ஆனால் அந்த இரண்டோடு அதன் கூடு நிறைந்துவிடுகிறது, முதலாவதைப் பிடுங்க 2372 கிலோஜூல், எல்லாத் தனிமங்களிலும் அதிகம். குணத்தைப் பார்த்து நியானுக்கு மேலே வைத்தார்கள். எண்ணிக்கையா, குணமா என்று தராசில் வைத்தபோது குணம் வென்ற இடம் இது. 1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் சூரிய விளிம்பின் நிறமாலையை ஆராய்ந்தார். அதே ஆண்டு அந்த நிறமாலையின் மஞ்சள் கோட்டிலிருந்துதான் ஹீலியத்தின் கதை தொடங்குகிறது. பூமியில் அதைப் பிடித்தது 1895இல்.

மந்த வாயு எதனோடும் சேராது என்று இன்னும் எழுதுகிறவர்களுக்கு: 1962இல் நீல் பார்ட்லெட் செனானைச் சேர வைத்துவிட்டார். ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் பொருள் ஒன்று அவர் கையில் இருந்தது. செனானிலிருந்து பிடுங்கவும் ஏறக்குறைய அதே ஆற்றல்தான் வேண்டும் என்று எண்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அயனியாக்கும் ஆற்றல் பட்டியலை ஒழுங்காகப் படித்ததற்குக் கிடைத்த கூலி.

16-07-2025, இரவு 10.50

சீசியத்தையும் தங்கத்தையும் பற்றி எழுத வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே வைத்திருந்தேன். இரண்டுக்கும் 6எஸ்-இல் ஒரே எலக்ட்ரான். சீசியத்திலிருந்து அதை எடுக்க 376 கிலோஜூல். தங்கத்திலிருந்து எடுக்க 890, வெள்ளியின் 731ஐ விடவும் கூடுதல். காரீயத்தில் சொன்ன அதே சார்பியல் சுருக்கம் தங்கத்தின் 6எஸ்-இலும் உண்டு. தங்கம் மஞ்சளாக இருப்பதும் அதனால்தான், நீல ஒளியை விழுங்கிவிடுகிறது.

அது எலக்ட்ரானைக் கொடுக்கத் தயங்குவதோடு நிற்பதில்லை, வாங்கவும் ஆசைப்படுகிறது. ஓர் எலக்ட்ரானைப் பெறும்போது தங்கம் வெளியிடும் ஆற்றல் 223 கிலோஜூல். ஆக்சிஜனுக்கே 141தான், அயோடினுக்கு 295. இந்த இரண்டு உலோகங்களையும் சேர்த்தால் உலோகக் கலவை வரும் என்று யாரும் நினைப்பார்கள். வருவது ஓர் உப்பு. சீசியம் தன் ஒற்றை எலக்ட்ரானைத் தங்கத்துக்குக் கொடுத்துவிடுகிறது. சீசியம் ஆரைடு என்று பெயர், சீசியம் குளோரைடின் அதே படிக அமைப்பு. குளோரின் இருக்க வேண்டிய இடத்தில் தங்கம் உட்கார்ந்திருக்கிறது.

வெளியே ஒன்று வைத்திருக்கும் இரண்டு தனிமங்கள். ஒன்று கொடுப்பவன், மற்றது வாங்குபவன். கடைசி இலக்கக் கணக்குக்கு இதைவிடப் பெரிய குட்டு இருக்க முடியாது.

17-07-2025, காலை 7.15

மாணவி மறுபடி எழுதியிருக்கிறாள்: "எல்லாம் சரி ஐயா, கே.சி.இ.டி. நுழைவுத் தேர்வில் செம்பின் இணைதிறன் எலக்ட்ரான் எத்தனை என்று கேட்டால் எதைக் குறிப்பது?"

அம்மா, விருப்பத் தெரிவுகளை முதலில் பார். 11 இருந்தால், டி-யையும் எஸ்-ஐயும் கூட்டச் சொல்கிறார்கள், அதைக் குறி. 11 இல்லாமல் 1 இருந்தால் வெளிக்கூட்டை மட்டும் கேட்கிறார்கள், 1ஐக் குறி. இரண்டும் இருந்தால் கேள்வியில் வெளிக்கூடு என்ற சொல் இருக்கிறதா என்று தேடு. எலக்ட்ரான் அமைப்பை எழுதச் சொன்னால் 3டி-இல் 10, 4எஸ்-இல் 1 என்று எழுது; 9, 2 என்று எழுதினால் மதிப்பெண் போகும். இணைதிறன் என்று மட்டும் கேட்டால் 1, 2 இரண்டையும் எழுது. மெக்னீசியம், அலுமினியம் ஆகியவற்றின் அயனியாக்கும் ஆற்றல் பட்டியலைக் கொடுத்து எந்தத் தொகுதி என்று கேட்கும் கணக்கு அடிக்கடி வரும். 738, 1451, அடுத்து 7733 என்று இருந்தால் இரண்டாவதற்குப் பிறகு மதில், ஆகவே 2ஆம் தொகுதி. இந்த வகையில் பத்துக் கணக்காவது போட்டுப் பார். டி தொகுதித் தனிமங்களுக்கு அந்த வகைக் கணக்கைக் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் விடைத்தாள் திருத்துகிறவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள்.